முன்கதை இல்லாத செய்தி

2025 மார்ச்சில் கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா சாலையின் தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் கோயிலை இடம் மாற்றும் விவகாரம் வெடித்தபோது, பெரும்பாலான செய்திகள் ஒரே கேள்வியைச் சுற்றி வந்தன: நிலம் யார் பெயரில் இருக்கிறது? அதற்குப் பதில் எளிது. 2014-இலேயே மாநகராட்சி அந்த நிலத்தைத் தனியார் நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. ஏறத்தாழ 130 ஆண்டுப் பழமை சொல்லப்படும் ஒரு கோயிலின் பக்தர்கள் கையில் ஏன் ஒரு துண்டு நிலப்பட்டாகூட இல்லை என்று கேட்டவர்கள் சிலரே.

இது புதிதல்ல. 2018 நவம்பர் இறுதியில் சுபாங் ஜெயா சீபீல்டு மகா மாரியம்மன் கோயிலிலும் இடமாற்றத்தை ஒட்டிக் கலவரம் மூண்டது. ஒரு தீயணைப்பு வீரரின் உயிரையும் அது பறித்தது. அது இனக் கலவரம் என்ற பேச்சு சில மணி நேரத்திலேயே நாடெங்கும் பரவிவிட, அப்படியல்ல என்று அரசே விளக்க வேண்டியதாயிற்று. அந்தக் கோயில் 1891-இல் சீபீல்டு தோட்டத்தில் தொழிலாளர்கள் எழுப்பியதாகச் சொல்லப்படுவது. அன்று தோட்டத் துரையின் வாய்மொழி அனுமதி போதும்; யாரும் பட்டா கேட்கவில்லை, கேட்டாலும் கொடுத்திருக்கப் போவதில்லை. பின்னர் தோட்டங்கள் துண்டாடப்பட்டன, கைமாறின, வீடமைப்புத் திட்டங்களாயின. தொழிலாளர் லயங்கள் இடிந்தன. தொழிலாளி போனான், கோயிலும் சுடுகாடும் தமிழ்ப்பள்ளியும் பிறர் நிலத்தில் தங்கின. கிள்ளான் பள்ளத்தாக்கில் ‘சட்டவிரோதக் கோயில்’ என்று செய்தியில் வருபவற்றில் பலவற்றின் பிறப்பு இப்படித்தான். இவ்வளவையும் பத்து நிமிடப் படமொன்றில் சொல்லிவிடலாம். சொல்வதற்கு ஆளில்லை என்பதுதான் நம் குறை.

நாளிதழ்ச் செய்தியாளரைக் குற்றம் சொல்ல மாட்டோம். மாலைக்குள் நான்கு செய்தி கொடுக்க வேண்டியவருக்கு நிலப் பதிவேட்டைத் தேடிப் போக நேரம் ஏது? விளம்பரத்தை நம்பிய தொலைக்காட்சிக்கும் பழைய கதை லாபம் தராது. ஆகவே இந்த வேலையை லாப நோக்கற்ற ஓர் ஆவணப்படச் செய்திக்குழுவிடம் ஒப்படைக்க வேண்டும், அதைக் கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர்கள் தங்கள் பணத்தில் நடத்த வேண்டும் என்பது இந்த இதழின் நிலைப்பாடு.

இது எட்டாக்கனி அல்ல. நியூயார்க்கில் ‘ரெட்ரோ ரிப்போர்ட்’ என்ற லாப நோக்கற்ற அமைப்பு 2013 முதல் இதையே செய்து வருகிறது. சூடான காப்பியைத் தன்மேல் கொட்டிக்கொண்டு மெக்டொனால்ட்ஸ் மீது வழக்குப் போட்ட மூதாட்டியை அமெரிக்கா பல ஆண்டுகள் கேலி செய்தது. 79 வயதில் மூன்றாம் நிலைத் தீக்காயம்பட்டு, தோல் ஒட்டு அறுவை செய்துகொண்டவர் அவர் என்பதைப் படமாக்கி, பழைய செய்திகள் எதை விட்டுவிட்டன என்று காட்டினார்கள். இந்தியாவில் பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014 டிசம்பரில் தொடங்கிய ‘பாரி’ ஓர் அறக்கட்டளையின் கீழ் நடக்கிறது. கிராமத்துச் செய்திகளைத் தமிழிலும் தருகிறது.

நம் நாட்டிலேயே முன்னோடி உண்டு. விடுதலையின் பொன்விழா ஆண்டான 2007-இல் ஃபாஹ்மி ரெசா ‘செபூலோ தாஹூன் செபெலும் மெர்டேக்கா’ (விடுதலைக்குப் பத்தாண்டுகள் முன்பு) என்ற ஆவணப்படத்தை எடுத்தார். 1947 அக்டோபர் 20-இல் மலாயா முழுவதும் கடையடைத்து நடத்திய ஹர்த்தாலையும், அதற்குப் பின்னணியாக இருந்த மக்கள் அரசியலமைப்புக் கோரிக்கைகளையும் அது மீட்டுத் தந்தது. அந்தக் கோரிக்கைகளை எழுப்பிய கூட்டணியில் இந்தியர் கட்சியான ம.இ.கா.வும் இருந்ததை நம் இளைஞர்களில் எத்தனை பேர் அறிவார்கள்? பெரிய நிறுவனம் எதுவும் அதைத் தயாரிக்கவில்லை. கோமாஸ் என்ற சமூக அமைப்பு 2003-இல் தொடங்கிய ஃப்ரீடம் ஃபிலிம் ஃபெஸ்ட் விழாதான் அதற்கு மேடை கொடுத்தது.

நம் கதைக்கு வருவோம். 1941 மார்ச் முதல் மே வரை கிள்ளான் வட்டாரத் தோட்டங்கள் வேலைநிறுத்தத்தில் கொந்தளித்தன. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் அதற்குத் தலைமை தாங்கினார். அவர் ‘தமிழ் நேசன்’ பத்திரிகைக்காரர். சீனத் தொழிலாளிக்கு நிகரான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடை மூடல், தோட்டத்துப் பெண்கள் மீதான தொல்லைக்கு முடிவு ஆகியவற்றோடு, துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்றும் கேட்டார்கள். மே 6-இல் நாதன் கைதானார். அவரை விடுவிக்கக் கோரி எழுந்த தொழிலாளர்களை அடக்க, மே 16-இல் சிலாங்கூரில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது, துருப்புகள் இறங்கின, துப்பாக்கிச்சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் மாண்டார்கள். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்.

நெஞ்சு பொறுக்கவில்லை. இதே மண்ணில் நடந்ததை இந்த மண்ணின் பிள்ளைகள் தமிழில் ஒரு படமாகப் பார்த்து வளரவில்லை. அன்றைய ‘ஸ்டிரெய்ட்ஸ் டைம்ஸ்’ ஏடுகளைச் சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் இணையக் காப்பகத்தில் யாரும் படிக்கலாம். ஆனால் அது துரைமார்களின் ஏடு. தொழிலாளியின் குரல் அவன் பிள்ளைகளின் நினைவில்தான் இருக்கிறது. 1941-இல் பத்து வயதாக இருந்தவர் இன்று 90-ஐக் கடந்திருப்பார். ‘தமிழ் நேசன்’ 1924-இல் தொடங்கி 2019-இல் நின்றே போனது. காப்பாரில் வலம்புரோசா, ஜாலான் அக்கோப் என்ற தோட்டப் பெயர்களைத் தமிழ்ப்பள்ளிகள் இன்னும் சுமக்கின்றன. அங்கே படிக்கும் பிள்ளைக்கு அந்தப் பெயரின் பின்னே இருக்கும் வாழ்க்கையை யார் சொல்வது?

ஆறிய புண்ணைக் கிளறுவானேன் என்று கேட்பவர்கள் உண்டு. புண் ஆறவில்லை. 2007 அக்டோபர் 30-இல், தீபாவளி நெருங்கும் வேளையில், பாடாங் ஜாவாவில் மாரியம்மன் கோயில் இடிக்கப்பட்டது. அடுத்த மாதம் 25-ஆம் நாள் இந்து உரிமைகள் இயக்கமான ஹிண்ட்ராஃப் அழைப்பில் பல்லாயிரம் பேர் கோலாலம்பூரில் திரண்டார்கள். 2008 மார்ச் 8 தேர்தலில் காப்பார் தொகுதி ம.இ.கா.வின் கையை விட்டுப் போனது. ‘திடீர்’ எழுச்சி என்று அன்று பலர் வியந்தார்கள். தோட்டத் துண்டாடலின் கதையை அறிந்தவருக்கு அதில் திடீரென்று ஏதுமில்லை.

வரலாறு தெரிந்தால் நம் துயரம் மட்டுமா தெரியும்? இன்றைய தோட்டத் தொழிலாளியின் துயரமும் தெரியும். 2020 டிசம்பரில் அமெரிக்கச் சுங்கத்துறை, கட்டாய உழைப்புக் குற்றச்சாட்டின் பேரில் சைம் டார்பி பிளான்டேஷனின் செம்பனை எண்ணெயைத் தடுத்தது. 2023-இல்தான் தடை நீங்கியது. மிரட்டலும் அடையாள ஆவணங்களைப் பிடித்து வைப்பதும் குற்றச்சாட்டுகளில் இருந்தன. வங்காளதேசத்திலிருந்து முகவருக்குக் கடன்பட்டு வரும் இளைஞனின் நிலை, கங்காணியிடம் முன்பணம் வாங்கிக் கப்பலேறிய நம் கொள்ளுத்தாத்தனுக்கு நன்றாகவே புரிந்திருக்கும். அந்தச் செய்தியை இந்த நாட்டில் எவரையும்விட ஆழமாகச் சொல்லக்கூடியவர்கள் நாம்தான். சொல்லாமல் விட்டோம்.

பணம் எங்கே என்பார்கள். 2021 பிப்ரவரி 19-இல் வாசகர் கருத்துகளுக்காக மலேசியாகினிக்குக் கூட்டரசு நீதிமன்றம் 5 லட்சம் ரிங்கிட் அபராதம் விதித்தது. சில மணி நேரத்தில் பொதுமக்கள் அந்தத் தொகையைத் திரட்டிக் கொடுத்துவிட்டார்கள். நம்பிக்கை இருந்தால் கொடுப்பார்கள். இந்தியர் மேம்பாட்டுக்கான அரசின் மித்ரா நிதியை நாடக் கூடாது என்பதில் உறுதியாக இருக்க வேண்டும். அந்த நிதி எப்படிச் செலவாகிறது என்பதையே ஒரு நாள் இந்தக் குழு விசாரிக்க வேண்டியிருக்கும். கட்சிப் பணமும் வேண்டாம். கோயில்களும் சங்கங்களும் தரலாம். தந்தவர் பெயரும் தொகையும் ஆண்டுதோறும் வெளியாக வேண்டும், தந்தவருக்குப் படத்தொகுப்பு அறைக்குள் இடமிருக்கக் கூடாது.

அரசுக்கும் ஒரு சொல். 2006-இல் அமீர் முகமட்டின் ‘லெலாக்கி கொமுனிஸ் தெராகிர்’ (கடைசிக் கம்யூனிஸ்ட்) ஆவணப்படம் தணிக்கையைத் தாண்டிய பிறகும் தடை செய்யப்பட்டது. 2020-இல் அல் ஜஸீராவின் ஆவணப்படம் சர்ச்சையானபோது, காணொளி எடுக்கும் எவருக்கும் 1981 ஃபினாஸ் (தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழக) சட்டப்படி உரிமம் வேண்டும் என்று ஓர் அமைச்சர் நாடாளுமன்றத்தில் சொன்னார். எதிர்ப்புக்குப் பின்னரே பின்வாங்கினார். ஃப்ரீடம் ஃபிலிம் நெட்வொர்க் வெளியிட்ட குறும்படத்துக்காக 2021 ஜூலையில் போலீஸ் விசாரணை நடந்தது. லாப நோக்கற்ற ஆவணப்படச் செய்திக்கு உரிமம் தேவையில்லை என்று ஃபினாஸ் சட்டத்தைத் திருத்த வேண்டும்.

முதல் படம் 1941 கிள்ளான் வேலைநிறுத்தமாக இருக்கட்டும். எஞ்சியிருக்கும் முதியவர்களின் வாக்குமூலங்களை இந்த ஆண்டே பதிவு செய்யத் தொடங்க வேண்டும். மலாய் வசனவரிகள் இல்லாமல் எந்தப் படமும் வெளியாகக் கூடாது. கோயில் நிலத்தைப் பற்றி முடிவெடுப்பவர்களில் பெரும்பாலோர் அந்த மொழியில்தான் அதைப் பார்க்கப்போகிறார்கள்.