அமெரிக்கக் காட்டுப்பன்றிகள்: உண்ணலாம், வளர்க்கலாமா?

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் விவசாயிகளுக்குப் பெரும் தொல்லையாக இருந்துவரும் காட்டுப்பன்றிகளைப் பிடித்து உண்பதே அவற்றின் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும் எளிய வழி என்ற வாதம் அங்கு நீண்டகாலமாக முன்வைக்கப்பட்டு வருகிறது. ஆனால், இதுவரை கிடைத்துள்ள அனுபவம் இந்த வாதத்தின் ஒரு பாதியை மட்டுமே மெய்ப்பித்திருக்கிறது. உரிய கவனத்தோடு கையாண்டால் இந்த இறைச்சியை உண்ண முடியும். அதேவேளை, பன்றிகளை உயிரோடு பிடித்து வளர்ப்பதும் வேறிடங்களுக்குக் கொண்டு செல்வதும் அவை பரவுவதற்கே துணைபுரிந்திருக்கின்றன.

இந்தப் பன்றிகள் அந்த மண்ணுக்கு உரியவை அல்ல. 1539ஆம் ஆண்டு ஃபுளோரிடாவில் தரையிறங்கிய ஸ்பானியத் தளபதி எர்னாண்டோ டி சோட்டோ, தனது படையினரின் உணவுக்காகப் பன்றிகளையும் ஓட்டி வந்தார். பின்னர் வந்த குடியேறிகளும் பன்றிகளைக் காட்டில் மேயவிட்டார்கள். தப்பியோடிய பன்றிகளுடன், வேட்டை விளையாட்டுக்காக ஐரோப்பாவிலிருந்து பிற்காலத்தில் கொண்டுவரப்பட்ட காட்டுப்பன்றிகளும் கலந்து இன்றைய கூட்டங்கள் உருவாயின.

அமெரிக்க விவசாயத் துறையின் மதிப்பீட்டின்படி, முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் 60 லட்சத்துக்கும் அதிகமான காட்டுப்பன்றிகள் உள்ளன. இவற்றில் 20 லட்சத்துக்கும் கூடுதலானவை டெக்சஸ் மாநிலத்தில் இருப்பதாகக் கருதப்படுகிறது. நாடு முழுவதும் இவற்றால் ஏற்படும் சேதம் ஆண்டுக்கு 150 கோடி டாலருக்கும் அதிகம் என்று கணக்கிடப்பட்டுள்ளது.

பிடிப்பதில் உள்ள சிக்கல்

பெண் பன்றி ஒரு வயதை எட்டுவதற்கு முன்பே குட்டி ஈனக்கூடியது. நல்ல தீனி கிடைத்தால் ஓராண்டில் இருமுறையும் ஈனும். எனவே, ஆண்டுதோறும் சுமார் 70 சதவீதப் பன்றிகளை அகற்றினால்தான் எண்ணிக்கை கூடாமலாவது இருக்கும் என்பது வல்லுநர்களின் கணிப்பு. டெக்சஸ் மாநிலம் 2011இல் ஹெலிகாப்டரிலிருந்து சுடுவதற்கு வழிவகை செய்தது. 2019இல், நில உரிமையாளரின் அனுமதியிருந்தால் வேட்டை உரிமமே தேவையில்லை என்று அறிவித்தது. ஆயினும் பன்றிகள் ஒழியவில்லை.

துப்பாக்கிச் சூட்டில் ஓரிரு பன்றிகள் வீழ்ந்தாலும் எஞ்சியவை கலைந்து ஓடி, வேறிடத்தில் பெருகிவிடுகின்றன. இதனால் முழுக் கூட்டத்தையும் ஒரே நேரத்தில் பிடிக்கும் பெரிய கம்பிவலைப் பட்டிகளே சிறந்தவை எனக் கருதப்படுகின்றன. பல நாட்கள் மக்காச்சோளம் இட்டுப் பன்றிகளைப் பழக்கி, கூட்டம் முழுவதும் உள்ளே வந்துவிட்டதைக் கேமரா வழியாக உறுதி செய்த பின்னரே கதவு வீழ்த்தப்படுகிறது. அவசரப்பட்டுப் பாதிக் கூட்டத்தை மட்டும் பிடித்தால், வெளியே நிற்பவை பட்டியின் பக்கமே பிறகு வருவதில்லை.

இடம் மாறிய பன்றிகள்

பிடித்த பன்றியை என்ன செய்வது என்பதில்தான் உண்மையான சிக்கல் தொடங்குகிறது. டென்னசி மாநிலம் 1999இல் மாநிலம் முழுவதும் காட்டுப்பன்றி வேட்டையைத் தாராளமாக அனுமதித்தது. வேட்டையில் ஆர்வம் கொண்டவர்கள் பன்றிகளை உயிரோடு பிடித்துப் புதிய பகுதிகளில் விடத் தொடங்கினார்கள். ஒருசில மாவட்டங்களில் மட்டுமே இருந்த பன்றிகள் மாநிலத்தின் பெரும்பகுதிக்குப் பரவின. 2011இல் அரசு தனது கொள்கையை மாற்றிக்கொண்டு விளையாட்டு வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. இதற்கு மாறாக, வேட்டையையும் வளர்ப்பையும் தடை செய்து, பொறிவைத்துப் பிடித்த நியூயார்க் மாநிலம், 2016இல் தனது எல்லைக்குள் காட்டுப்பன்றிகள் இல்லை என்று அறிவித்தது.

டெக்சஸ் சட்டப்படி, உயிரோடு பிடித்த பன்றியை இறைச்சிக்கூடத்துக்கோ, அனுமதி பெற்ற தற்காலிகப் பட்டிக்கோ, அங்கீகரிக்கப்பட்ட வேட்டைப் பண்ணைக்கோ மட்டுமே கொண்டு செல்லலாம். வேறிடத்தில் அவிழ்த்துவிடுவது குற்றம். பிடித்த பன்றிக்குச் சில வாரங்கள் மக்காச்சோளம் போட்டு வளர்த்தால் இறைச்சி சுத்தமாகிவிடும் என்ற நம்பிக்கை கிராமப்புறங்களில் உண்டு. தீனி மாறினால் கொழுப்பும் சுவையும் மாறலாம். ஆனால், புரூசெல்லா பாக்டீரியா தொற்றிய பன்றி பெரும்பாலும் ஆயுள் முழுவதும் அதைச் சுமந்துகொண்டே இருக்கும். அருகில் பண்ணைப் பன்றிகள் இருந்தால் அவற்றுக்கும் அது பரவக்கூடும்.

கத்தியும் கையும்

சமைப்பதால் உண்பவருக்குப் பாதுகாப்பு கிடைக்கிறது. அறுப்பவருக்கு அது உதவுவதில்லை. புரூசெல்லா கிருமி இரத்தத்திலும் இனப்பெருக்க உறுப்புகளிலும் மிகுதியாக இருக்கும். கையில் உள்ள சிறு கீறல் வழியாகவும், கண்ணில் தெறிக்கும் துளி வழியாகவும் அது உடலுக்குள் நுழையும். ஃபுளோரிடாவில், அன்பளிப்பாகக் கிடைத்த காட்டுப்பன்றி இறைச்சியை வெறுங்கையால் கையாண்டு பின்னர் சமைத்து உண்ட ஒருவருக்கு இத்தொற்று ஏற்பட்டது மருத்துவ இதழில் பதிவாகியுள்ளது.

விட்டுவிட்டு வரும் காய்ச்சல், வியர்வை, மூட்டுவலி, சோர்வு ஆகியவை இந்நோயின் அறிகுறிகள். தொற்றிய சில வாரங்களிலோ, மாதங்கள் கழித்தோ இவை தோன்றலாம். பன்றியைக் கையாண்டதை நோயாளி தாமாகச் சொல்லாவிட்டால் மருத்துவருக்கு இதில் சந்தேகமே எழாமல் போகலாம். குணப்படுத்த ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகளைக் குறைந்தது ஆறு வாரங்கள் உட்கொள்ள வேண்டும். எனவேதான் கையுறையும் கண்ணாடியும் அணிந்தே அறுக்க வேண்டும், கழிவுகளைப் பச்சையாக நாய்களுக்குப் போடக்கூடாது என்று அமெரிக்கச் சுகாதார அதிகாரிகள் வலியுறுத்துகிறார்கள்.

சமைக்கும்போது இறைச்சியின் உட்பகுதி 71 டிகிரி செல்சியஸ் வெப்பத்தை எட்ட வேண்டும். நிறத்தைப் பார்த்து இதை முடிவு செய்ய இயலாது, வெப்பமானி தேவை. சிறு துண்டுகளாகக் குழம்பில் நெடுநேரம் கொதிக்கும் இறைச்சி இந்த நிலையை எளிதில் அடையும். புகையில் வாட்டப்படும் பெரிய துண்டுகளில்தான் ஐயம் உண்டு. உப்பிடுவதும், உலர்த்துவதும், புகையூட்டுவதும் டிரிக்கினெல்லா புழுவைக் கொல்லும் என்று நம்ப முடியாது. வனவிலங்குகளில் காணப்படும் இப்புழுவின் சில வகைகள் உறைநிலையையும் தாங்கிக்கொள்ளும்.

முரண்பாடு

வேட்டையில் சுட்ட பன்றியின் இறைச்சியை அமெரிக்காவில் விற்க முடியாது. விற்பனைக்குரிய பன்றி உயிரோடு இறைச்சிக்கூடத்துக்கு வந்து, அறுப்பதற்கு முன்னும் பின்னும் பரிசோதிக்கப்பட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்திலோ காட்டில் சுட்ட பன்றியின் தசையில் டிரிக்கினெல்லா சோதனை நடத்தி விற்பனைக்கு அனுமதிக்கிறார்கள். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் காட்டுப்பன்றியை வேட்டையாடுவதும் அதன் இறைச்சியை வைத்திருப்பதும் குற்றங்கள். எனவே ஒரு நாட்டின் வழக்கத்தை மற்றொரு நாட்டில் பின்பற்ற இயலாது.

அமெரிக்க முறை உண்பவரைக் காக்கிறது. ஆனால், அதே முறை பன்றிகளை உயிரோடு வண்டியேற்றுவதையும் கட்டாயமாக்குகிறது. அந்த வண்டி இறைச்சிக்கூடத்தை அடையாமல் வழியில் நின்றுவிட்டால், மற்றொரு விவசாயியின் வயலில் புதிய கூட்டம் உருவாகும். பன்றிக்கு விலை இருக்கும்வரை அதை முற்றாக ஒழிக்க விரும்பாதவர்களும் இருக்கவே செய்வார்கள் என்பதே டென்னசியின் அனுபவம். பிடிக்கப்பட்ட பன்றி மீண்டும் காட்டுக்குத் திரும்பாது என்பதை உறுதி செய்யாத எந்தத் திட்டமும், அது உணவின் பெயரால் வந்தாலும், பலன் தருவது கடினமே.