எடை சரி, சரக்கு சரியா?



அறுவடைக் காலத்தில் நம் மாவட்டத்துத் தார்ச்சாலைகளில் சோளமும் கம்பும் காய்வதைப் பார்க்காதவர் உண்டா? அவற்றின் மீது லாரிகள் ஏறிப் போகின்றன. அந்தத் தானியம்தான் நம் கடைக்கு வருகிறது. நம் வீட்டு அடுப்புக்கும் வருகிறது.

பெட்ரோலில் பல்லாண்டு காலம் ஈயம் கலந்து விற்றார்கள். நம் நாட்டில் 2000ஆம் ஆண்டில்தான் அது முற்றாக நின்றது. உலகிலேயே கடைசியாக அல்ஜீரியா 2021ல் நிறுத்தியது. தொல்லை ஒழிந்தது என்று நினைக்கிறீர்களா? இல்லை! ஈயம் மக்கிப் போகும் பொருளல்ல. புகையோடு வந்து விழுந்த ஈயம் சாலையோர மேல்மண்ணிலேயே தங்கிவிடுகிறது.

இன்றும் டயர் தேய்ந்து துத்தநாகம் விழுகிறது. பிரேக் கட்டை தேய்ந்து தாமிரம் விழுகிறது. இந்த நச்சு சாலையை ஒட்டிய மண்ணில்தான் அதிகம். தள்ளிப் போகப் போகக் குறையும். ஈயம் பெரும்பாலும் தூசியாகக் கீரையின் மேல் படிகிறது. நன்றாகக் கழுவினால் குறையும். காட்மியம் அப்படியல்ல. வேர் வழியே இலைக்குள்ளேயே ஏறிவிடும். எத்தனை முறை கழுவினாலும் போகாது.

ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவுமில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடல் அதை நான்கைந்து மடங்கு உறிஞ்சுகிறது. அது பாதிப்பது பிள்ளைகளின் மூளையை. படிப்பு ஏறவில்லை என்று பிள்ளையை அடிக்கிறோமே, அவன் உண்ட உணவை எண்ணிப் பார்த்தோமா?

2015 முதல் அரசு வழங்கும் மண் வள அட்டையில் 12 விவரங்கள் உள்ளன. பயிருக்கு வேண்டிய முக்கியச் சத்துகள் பல அதில் உண்டு. ஈயமும் காட்மியமும் இல்லை! பயிர் விளையுமா என்று பார்க்கும் அரசு, அதை உண்ணும் மனிதனைப் பார்க்க வேண்டாமா?

இளைஞர்களே! ஸ்ரீவில்லிபுத்தூர் - ராஜபாளையம் சாலையோர வயல்களின் மண்ணை ஈயத்துக்கும் காட்மியத்துக்கும் சோதிக்கச் சொல்லி, திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் மனுக் கொடுங்கள். விவசாயியைக் குறை சொல்லாதீர்கள். களம் இல்லாததால்தான் அவர் சாலைக்கு வருகிறார். ஊர்தோறும் உலர்களம் கேளுங்கள்.

வியாபாரிகளே! தின்பண்டத்தைச் சாலைத் தூசியில் திறந்து வைக்காதீர்கள். கீரை எங்கே விளைந்தது என்று கேட்டு வாங்குங்கள். வாடிக்கையாளர் நம் தராசை நம்பி வருகிறார். அவருடைய ஆரோக்கியமும் நம்மிடம் உள்ள அமானிதம்தான். எடை மட்டும் சரியாக இருந்தால் போதுமா?

சிந்திப்பீர்! செயல்படுவீர்!