செஞ்சியார் வீட்டுக்கு இணையம் எட்டாததேன்?

செஞ்சிக் கோட்டைக்குள் ‘கல்யாண மகால்’ என்று இன்று வழங்கும் அடுக்குமாடத்தைக் கண்டு வியவாதார் இலர். மதிலுக்கு வெளியே இருந்த நீர்த்தேக்கத்தினின்று சுடுமண் குழாய் பதித்து அம்மாடத்திற்கு நீர் கொண்டுவந்தனர் பழங்கம்மியர். பாறையும் மதிலும் அகழியும் அவர்க்குத் தடையாயில்லை. அக்கோட்டையின் அடிவாரத்தில் வாழும் நமக்கோ, மயிரிழையளவே உள்ள கண்ணாடி இழையைத் தெருமுனையினின்று வீட்டுக்குள் கொண்டுவர இயலவில்லை! கேட்டால், பாறை நிலம், செலவு மிகும் என்கின்றனர்.

செஞ்சியில் இணையமே இல்லையென்று யாம் கூறவில்லை. கடைத்தெருவில் உண்டு. வாங்குவார் மிக்க இடத்திற்குக் கம்பி தானே வருகின்றது. எம் தெருவுக்கு இணைப்பு வேண்டுமென்று ஒரு குழுமத்தாரைக் கேட்டபோது, பத்து வீடு சேர்ந்தால் வருவோம் என்றனர். அரும்பாடுபட்டுப் பத்து வீட்டாரைச் சேர்த்தோம். ஆறு திங்கள் கட்டணத்தை முன்பணமாகக் கட்டுக என்றனர். நால்வர் பின்வாங்கினர். கம்பி வரவில்லை.

அந்நால்வரைக் குறைகூறல் ஆகாது. 2020-இல் ஒரு பெருங்குழுமம் அறிவித்த அடிநிலைத் திட்டத்திற்குத் திங்கள் கட்டணம் 399 உருபா. அதன்மேல் நடுவணரசின் சட்டப்படி 18 விழுக்காடு வரி. ஆக ஏறத்தாழ 471 உருபா. ஆறு திங்களுக்கு 2,825 உருபா. நூறுநாள் வேலைத்திட்டத்தில் தமிழகத்திற்கு 2025-26-ஆம் ஆண்டுக்குக் குறிக்கப்பட்ட ஒருநாட் கூலி 336 உருபா என்பதை இதனொடு வைத்துப் பாருங்கள். எட்டு நாட் கூலிக்கும் மேற்பட்ட தொகையை ஒருசேர எடுத்துவைக்க எந்த உழவுக் கூலிக்காரனால் இயலும்?

“கைப்பேசியில்தான் இணையம் மலிவாகக் கிடைக்கின்றதே!” என்று தில்லியார்க்குத் தாளம் போடுவார் இங்கும் உளர். நாளொன்றுக்கு ஒன்றரை அல்லது இரண்டு கிகாபைட்டு என்று அளந்து ஊற்றுவது வீட்டு இணைப்பாகாது. ஒரே கைப்பேசி, தந்தையோடு வயலுக்குப் போய்விட்டால் வீட்டிலுள்ள பிள்ளைகள் என் செய்வர்? அம்மலிவும் 2024 சூலையில் தனியார் குழுமங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டணத்தை உயர்த்தியபோது எங்கே போயிற்று? மேலும், செஞ்சியைச் சூழ்ந்த பாறை மலைகள் அலைகளை மறைக்கும். மலைநிழலில் உள்ள வீட்டார் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடியில் நிற்பதை நாளும் காண்கிறோம். (கம்பி வந்த வீட்டார்க்கோ குரங்குத் தொல்லை; அது வேறு கதை.)

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகள் 2021 நவம்பரில்தான் திறக்கப்பட்டன. கல்வி இணையத்தின்வழியே வந்த அந்நாளில், ஊராட்சிதோறும் கண்ணாடி இழை கொண்டுசெல்லத் தமிழக அரசு விடுத்திருந்த ஒப்பந்தக் கேட்பை 2020 சூனில் நடுவணரசு நீக்கச் சொல்லிற்று. கேட்பு நெறிகளில் குறை இருந்ததென்று முறையீடு எழுந்தது மெய்யே. அக்குறைக்கு அன்றிருந்த மாநில ஆட்சியினரும் பொறுப்பாளரே. ஆயின் இருவர் பூசலில் கெட்டது ஊர்ப்புறப் பிள்ளைகளின் படிப்பன்றோ?

பணம் இல்லாமலா இந்நிலை? ஊர்ப்புறத் தொலைத்தொடர்புக்கென்று 2002 முதல் ஒரு வைப்பு உண்டு. குழுமங்களின் கணக்கிட்ட வருவாயில் நூற்றுக்கு ஐந்து அதற்குப் போகின்றது. அது குழுமத்தார் கைப்பணமன்று. நாம் கட்டும் கட்டணத்தினின்று எடுப்பது. 2011-இல் நாடளாவிய கண்ணாடி இழை வலையமைப்பு என்று தொடங்கியதை 2015-இல் ‘பாரத்நெட்’ என்றனர். வைப்பின் பெயரையும் 2024-இல் ‘டிஜிட்டல் பாரத் நிதி’ என்று வடமொழியாக்கினர். பெயர்கள் மாறிய விரைவில் கம்பி நீண்டிருந்தால் போதும். அகலக்கற்றை என்பதற்கு 2023 வரை நொடிக்கு 512 கிலோபிட்டும், அதன்பின் 2 மெகாபிட்டுமே அளவாக வைத்தனர். வாய்க்காலைக் காட்டி ஆறு என்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

தமிழக அரசின் ‘டான்பிநெட்’டு நிறுவனம் 12,525 ஊராட்சிகளை இணைக்கும் பணியை ஏற்றுள்ளது. நன்று. ஆயின் ஊராட்சி அலுவலகத்துப் பெட்டியில் விளக்கு எரிவதால் மேலச்சேரியிலோ ஆலம்பூண்டியிலோ ஒரு குடிசைக்கு இணையம் வந்துவிடாது. அங்கிருந்து வீடு வரையுள்ள தொலைவே பெருந்தொலைவு. அதைக் கடத்தல் அரசால் ஆகாததன்று. 2011 செப்டம்பரில் அரசு கம்பிவழித் தொலைக்காட்சியைத் திங்களுக்கு 70 உருபாவுக்கு வீடுதோறும் கொடுத்தவர்கள் இவர்கள்தாமே! படம் பார்க்கக் கம்பி இழுத்த கைக்குப் பாடம் படிக்கக் கம்பி இழுக்க வராதா?

அண்டையிலுள்ள கேரளத்தில் உயர்நயமன்றம் 2019-இலேயே இணையம் கல்வியுரிமையின் பகுதி என்றது. 2023 சூனில் அவ்வரசு தன் கண்ணாடி இழை வலையைத் திறந்து, திங்களுக்கு 299 உருபா முதல் இணைப்புத் தருகின்றது. இருபது இலக்கம் ஏழைக் குடும்பங்களுக்கு விலையின்றித் தருவோம் என்ற உறுதி இன்னும் முழுதும் நிறைவேறவில்லை. எனினும் வழி தொடங்கியாயிற்று. பின்லாந்தோ 2010-இலேயே அதனைச் சட்டவுரிமையாக்கிற்று.

செஞ்சிக்கு இது புதிய பட்டறிவன்று. திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை இருப்புப்பாதை 2006-07-இல் ஏற்கப்பட்டது. வண்டி இன்னும் வரவில்லை. 2025 சூலையில் நம் கோட்டை உலக மரபுப் பட்டியலில் ஏறிற்று, அதுவும் மராத்தியர் படைநிலம் என்னும் பெயரில்! சுற்றுலாவார்க்கு இணையம் வேண்டுமென்று இனி விரைந்து செய்வர். நுழைவாயிலில் வரட்டும், அங்கேயே நின்றுவிடக் கூடாது.

தமிழ் இணையக் கல்விக்கழக நூலகத்தில் கிடைத்தற்கரிய தமிழ்ப் பொத்தகங்கள் கட்டணமின்றிக் கிடக்கின்றன. நாட்டார்மங்கலத்து மாணவி அதனைத் திறக்கும்போது வட்டம் சுற்றிக்கொண்டே நிற்குமாயின், அந்நூல்கள் அவளுக்கு எரிந்துபோனவையே.

எனவே அடுத்த ஊரவைக் கூட்டத்தில் அன்பர்கள் மூன்று வினாக்களை எழுத்தில் தருக: ஊராட்சிப் பெட்டி இயங்குகின்றதா? அங்கிருந்து வீடுகளுக்கு எந்நாளில் இணைப்பு? முன்பணமின்றித் திங்கள் கட்டணம் எவ்வளவு? விடையையும் எழுத்தில், தமிழில் பெறுக. எம் தெருவில் பின்வாங்கிய நால்வரும் இம்முறை கையெழுத்திட இசைந்துள்ளனர்.