கெடு நீளும் என்று காத்திருக்கலாமா?

செப்டம்பர் பிறந்துவிட்டால் சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கடைகளிலும் நாமக்கல் லாரிப் பட்டறைகளிலும் வியாபாரிகள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: "வருமான வரிக் கணக்குக்குக் கெடுவை நீட்டிவிட்டார்களா?"

2025ஆம் ஆண்டு அந்தக் கேள்விக்கு நல்ல தீனி கிடைத்தது. தணிக்கை தேவைப்படாதவர்களுக்கு ஜூலை 31 என்றிருந்த கெடு, படிவங்கள் மாற்றப்பட்டதால் செப்டம்பர் 15 ஆயிற்று. அந்த 15ஆம் தேதி இரவில், இன்னும் ஒரே ஒரு நாள் நீட்டிப்பு என்று அறிவிப்பு வந்தது. தணிக்கை அறிக்கைக்கான செப்டம்பர் 30 கெடு, ராஜஸ்தான், கர்நாடக உயர் நீதிமன்றங்கள் தலையிட்ட பிறகு அக்டோபர் 31 ஆகி, பின்னர் நவம்பர் 10 ஆனது. தணிக்கைக்கு உட்பட்டோரின் வரிக் கணக்குக்கு டிசம்பர் 10 வரை அவகாசம் கிடைத்தது.

இப்படி நள்ளிரவில் ஒரு நாளை நீட்டுவது நிர்வாகத்துக்கு அழகன்று. ஒழுங்காக முன்கூட்டியே தாக்கல் செய்தவனை ஏமாளியாக்கும் செயல் அது. ஆயினும் நம் வியாபாரிகள் அதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் அதைவிடத் தவறானது. "எப்படியும் நீட்டுவார்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார்கள்.

அமெரிக்காவில் ஒரு வியாபாரி உரிய படிவத்தைக் கெடுவுக்குள் கொடுத்தால் பொதுவாக ஆறு மாத அவகாசம் பெறலாம். அதுவும் கணக்குக் கொடுப்பதற்கான அவகாசம்தான். பணம் கட்டுவதற்கு அன்று. நம் நாட்டில், "எனக்கு மட்டும் ஒரு மாதம் தாருங்கள்" என்று முன்கூட்டியே கேட்டுப் பெறும் அத்தகைய படிவம் எதுவும் இல்லை. மத்திய நேரடி வரிகள் வாரியம் எல்லோருக்குமாக நீட்டினால் உண்டு, இல்லையேல் இல்லை.

தாமதத்துக்கு அதிகம் போனால் 5,000 ரூபாய்தானே அபராதம் என்பார்கள். செலுத்தாத வரிக்கு மாதம் ஒரு சதவீத வட்டியும் சேர்த்துக்கொள்வோம். இலாபம் கண்டவனுக்கு இது தாங்கக்கூடியதே. அடிபடுபவன் நட்டப்பட்டவன். கோழிப்பண்ணையை எடுத்துக்கொள்ளுங்கள். (கோழி வளர்ப்பை விவசாய வருமானம் என்று நம்புகிறவர்கள் நம் பகுதியில் இன்னும் இருக்கிறார்கள், வரிச் சட்டத்துக்கு அது வியாபாரமே.) முட்டை விலை சரிந்து மக்காச்சோள விலை ஏறிய ஓர் ஆண்டில், சகோதரர்கள் கூட்டாக நடத்தும் பண்ணைக்கு 12 லட்சம் நட்டம் என்று வைத்துக்கொள்வோம். கெடுவுக்குள் கணக்குக் கொடுத்தால் அந்த நட்டத்தை அடுத்த எட்டு ஆண்டு வியாபார இலாபத்தில் கழித்துக்கொள்ளலாம். தவறினால் அந்த உரிமை போய்விடும். மறு ஆண்டு 12 லட்சம் இலாபம் வரும்போது கூட்டு நிறுவனம் 3,74,400 ரூபாய் வரி கட்ட நேரும். நட்டம்தானே, வரி ஏது என்று கணக்கைத் தள்ளிப்போடுகிறவர்களும் பெரும்பாலும் இவர்களே.

பத்து லாரிகள் வரை வைத்திருப்பவர் பேரேடு இல்லாமலே உத்தேச வருமானம் காட்டலாம்: 12 டன்னுக்கு மேற்பட்ட வண்டிக்கு டன்னுக்கு மாதம் 1,000 ரூபாய். ஆனால் வண்டி இரண்டு மாதம் பட்டறையில் கிடந்தாலும் அந்த மாதங்களும் கணக்கில் சேரும். உண்மை வருமானம் அதைவிடக் குறைவு என்று காட்ட வேண்டுமானால் பேரேடும் தணிக்கையும் வேண்டும்.

அவகாசம் கேட்பது இழிவன்று. கடன்பட்டவன் நெருக்கடியில் இருந்தால் வசதி வரும்வரை தவணை கொடுக்குமாறு அல்பகரா அத்தியாயத்தின் 280ஆம் வசனம் சொல்கிறது. வசதி உள்ளவன் கடனை இழுத்தடிப்பது அநீதி என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதாக புகாரி, முஸ்லிம் இரு நூல்களிலும் பதிவாகியிருக்கிறது. அந்த 280ஐ அடுத்து 282ஆம் வசனம் கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்கச் சொல்கிறது. குர்ஆனின் மிக நீண்ட வசனமே கணக்கு எழுதுவது பற்றியதாக இருக்க, துண்டுச் சீட்டிலும் நினைவிலும் வியாபாரம் நடத்திவிட்டு செப்டம்பரில் ஆடிட்டரை நெருக்குவது நமக்குப் பொருந்துமா? ஸகாத்துக்காக ரமழானில் சரக்கையும் வரவேண்டிய பாக்கியையும் எண்ணுகிறவர், பாதிக் கணக்கை ஏற்கெனவே எழுதியவர்தான்.

உண்மையிலேயே நெருக்கடியில் கெடுவைத் தவறவிட்டவருக்குச் சட்டத்தில் ஒரு வாசல் இருக்கிறது. நம்மில் பலருக்கு அது தெரியாது. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 119(2)(ஆ) பிரிவில், தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளுமாறு விண்ணப்பிக்கலாம். திரும்பப் பெற வேண்டிய வரிக்கும், மேலே சொன்ன நட்டத்துக்கும் இது உதவும். 2024 அக்டோபர் 1 தேதியிட்ட சுற்றறிக்கையின்படி, ஒரு கோடி ரூபாய் வரையிலான கோரிக்கையை ஆணையர் நிலையிலேயே முடிக்கலாம். மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். நேரமில்லை, ஆடிட்டர் மறந்துவிட்டார் என்பவை மட்டும் அங்கே எடுபடுவது கடினம். மருத்துவமனைச் சேர்க்கைச் சீட்டு, இறப்புச் சான்றிதழ், இணையதளம் பழுதானபோது எடுத்த திரைப்படம் ஆகியவற்றைத் தேதியோடு பத்திரப்படுத்தி, விண்ணப்பத்துடன் இணைத்துக் கொடுங்கள்.