பால் சங்கத்துக்கு, தேநீர் குழந்தைக்கு

சென்ற மாதம் ஒரு பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கத்தைப் பார்வையிடச் சென்றிருந்தேன். விடியற்காலையில் ஓர் அம்மையார் இடுப்பில் குழந்தையுடன் வந்து, கறந்த பால் முழுவதையும் அளந்து ஊற்றினார். பிறகு எதிர்க்கடையில் தேநீர் வாங்கி, அதில் பிஸ்கட்டை நனைத்துக் குழந்தைக்கு ஊட்டினார். அதற்கு இரண்டு வயது இருக்கலாம். சங்கத்தின் ஏடுகளில் பிழை ஒன்றும் இல்லை. ஆயினும், எந்த ஏட்டிலும் ஏறாத ஒரு நஷ்டத்தை அன்று கண்டதாகவே எனக்குத் தோன்றிற்று.

அந்த அம்மையாரைக் குறை கூறுவது என் நோக்கமன்று. பால் பணம் வந்தால்தான் தீவனக் கடன் தீரும். தறி வீடுகளிலும் அழும் குழந்தையை அமர்த்தத் தேநீரே கைக்கு எளிது. என் இல்லத்திலும் மகளுக்கு நான்கு வயது வரை காப்பி கொடுத்து வந்தோம். மருத்துவர் கண்டித்த பின்னரே நிறுத்தினோம். தேநீரிலும் காப்பியிலும் உள்ள சில பொருள்கள், உணவிலுள்ள இரும்புச் சத்து உடலில் சேராதபடி தடுக்கின்றன. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட இந்தியக் குழந்தைகளில் நூற்றுக்கு 67 பேருக்கு இரத்த சோகை இருந்தது.

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் ஒன்றே போதும், தண்ணீரும் வேண்டா. பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்கும் வழக்கத்தையும் விட்டொழிக்க வேண்டும். ஓராண்டு நிறையுமுன் தேன் கொடுப்பது ஆபத்தானது. ஆறு மாதம் நிறைந்ததும், தாய்ப்பாலோடு பருப்பும் கீரையும் சேர்த்துக் குழைத்த சோறு, கேழ்வரகுக் கூழ், மசித்த வாழைப்பழம் ஆகியவற்றைத் தொடங்கலாம். நீர்த்த கஞ்சி வயிற்றை நிரப்புமேயன்றி உடலை வளர்க்காது. கரண்டியிலிருந்து வழியாத பதம் வேண்டும். தாய்ப்பாலை இரண்டு வயதும் அதற்கு மேலும் தொடரலாம்.

ஒன்று முதல் ஐந்து வயது வரை வயிறு சிறியது. ஆகவே சிறிது சிறிதாகப் பலமுறை ஊட்ட வேண்டும். பாலும் முட்டையும் பயறும் இப்பருவத்துக்கு ஏற்றவை. முழு நிலக்கடலை தொண்டையை அடைக்கும். பொடித்தே கொடுக்க வேண்டும்.

பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை ஆகாரம் தவறலாகாது. 2022இல் தமிழக அரசு தொடங்கிய காலை உணவுத் திட்டம் தொடக்கப் பள்ளிகளில் இதற்குத் துணை செய்கிறது. மாலையில் பசியோடு வரும் பிள்ளைக்குப் பொட்டலத் தின்பண்டத்தையும் இனிப்புப் பானத்தையும் விடச் சுண்டலும் மோரும் மேலானவை. பருவமெய்தும் பெண் மக்களுக்கு இரும்புச் சத்து மிகுதியும் தேவை. வீட்டில் கடைசியாக மிஞ்சியதை அவர்கள் உண்ணும் வழக்கம் மாறியே ஆகவேண்டும்.

குழந்தைக்கு நாளொன்றுக்கு இருநூறு மில்லி பால் எடுத்து வைத்தால் மாதத்துக்கு ஆறு லிட்டர் ஆகும். அதன் விலை சிறிதன்று என்பதை அறிவேன். ஆனால் சோகையுற்ற பிள்ளை படிப்பிலும் உழைப்பிலும் இழப்பது அதனினும் பெரிது. ஆகவே ஊற்றுமுன் ஒரு தம்ளர் எடுத்து வையுங்கள். நெசவாளர் சங்கங்கள் நூல் வழங்கும் நாளில் உடன் வரும் குழந்தைகளுக்குச் சுண்டல் வழங்கலாம். இதனை அடுத்த பொதுக்குழுவில் தீர்மானமாகக் கொண்டுவர அங்கத்தினர்களை வேண்டுகிறேன். அங்கத்தினர் நலனுக்கென்றே ஏற்பட்டது சங்கம். அந்நலனில் முதற்பங்கு குழந்தையுடையது.