பாங்காக் கட்சியின் கணக்கு நோட்டு

"மூணாறுக்குப் போற காசுல பாங்காக்கே போயிட்டு வந்துடலாம்." கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்தால் போதும், கோவையிலும் பொள்ளாச்சியிலும் பாலக்காட்டிலும் இந்த வசனம் காதில் விழாமல் ஒரு டீ குடிக்க முடியாது. 2023 நவம்பரில் தாய்லாந்தும் டிசம்பரில் மலேசியாவும் இந்தியர்களுக்கு விசா வேண்டாம் என்று கதவைத் திறந்த பிறகு, இப்படிப் பேசுகிறவர்கள் ஒரு கட்சியாகவே திரண்டுவிட்டார்கள். கொள்கை மூன்றே வரி: உள்ளூர் கொள்ளை, வெளிநாடு மலிவு, ஆகவே இடுக்கி மலை ஏறுகிறவன் ஏமாளி. கொள்கை இருக்கட்டும், கட்சியின் கணக்கு நோட்டைக் கொஞ்சம் புரட்டுவோம்.

இடது பக்கம் மூணாறு. டிசம்பர் கடைசி வாரம், பள்ளத்தாக்கைப் பார்த்த பால்கனி, வெந்நீர் நீச்சல்குளம், கோவையிலிருந்து இன்னோவா, டிரைவர் பேட்டா, வழியில் வாங்கிய சாக்லேட், யூகலிப்டஸ் தைலம் வரை ஒன்றுவிடாமல் ஏறியிருக்கிறது. வலது பக்கம் பாங்காக். ஆறு மாதம் முன்னதாக ஆஃபரில் பிடித்த விமான டிக்கெட், ஜன்னல் இல்லாத ஒரு அறை, தெருக்கடைச் சாப்பாடு. கூட்டல் முடிந்தது! நெடும்பாசேரி விமான நிலையத்துக்குப் போய்வந்த வாடகைக் கார் எங்கே? பெட்டிக்குத் தனியாகக் கட்டிய பணம் எங்கே? கார்டைத் தேய்த்த ஒவ்வொரு தடவையும் வங்கி பிடித்துக்கொண்ட அந்நியச் செலாவணிக் கட்டணம்? திரும்பும்போது புதிதாக வாங்கிய பெட்டியும் அதை நிறைத்த சட்டைகளும்? அதெல்லாம் ஷாப்பிங்காம், செலவில் சேராதாம். மூணாறில் வாங்கிய கால் கிலோ ஏலக்காய் மட்டும் செலவு.

இந்தப் பித்தலாட்டத்தை நானும் செய்யலாம். ஜூலை மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் உடுமலைப்பேட்டையில் பஸ் ஏறி, சின்னாறு, மறையூர் வழியாக மூணாறு போய், கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் 2020இல் நிறுத்திவைத்த பஸ்ஸிலேயே 100 ரூபாய்க்குக் கொடுத்ததே, அந்தப் படுக்கையை ஒரு பக்கம் எழுதுவேன். மறுபக்கம், புத்தாண்டு இரவில் பாங்காக் ஆற்றங்கரை ஹோட்டல் அறை. மலிவு எது என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும். அது எவ்வளவு பொய்யோ, கட்சியின் நோட்டும் அவ்வளவு பொய்.

அதைவிடப் பெரிய தவறு வேறு. பாங்காக் ஒரு மாநகரம், சமவெளி, பல்லாயிரம் ஹோட்டல் அறைகள், வருஷம் முழுக்கக் கூட்டம். 2024இல் தாய்லாந்துக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் மட்டும் மூன்றரைக் கோடி. அத்தனை பேரை நம்பிக் கட்டிய அறை மலிவாகக் கிடைப்பதில் அதிசயம் ஒன்றுமில்லை. மூணாறோ ஒரு மலைக்கிராமம் வீங்கிய ஊர். அங்கே அறை ஏன் விலை ஏறுகிறது என்று கேட்டால் கட்சிக்காரர் 'பேராசை' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். நிலத்தின் கதையை அவர் கேட்டதில்லை. 1971ஆம் ஆண்டின் கண்ணன் தேவன் மலைச் சட்டம் தோட்டத்துக்குத் தேவைப்படாத நிலத்தை அரசிடம் சேர்த்தது. அதன்மேல் பட்டாவும் போலிப் பட்டாவுமாக எழும்பிய கட்டடங்களை இடிக்க 2007இல் முதல்வர் வி.எஸ். அச்சுதானந்தன் மூன்று அதிகாரிகளை அனுப்பினார். மூன்று பூனைகள் என்று பத்திரிகைகள் பெயர் வைத்தன. கொஞ்ச நாளில் அந்தப் பூனைகளைத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். 2022 ஜனவரியில், ரவீந்திரன் என்ற அதிகாரி கொடுத்ததால் ரவீந்திரன் பட்டாக்கள் என்று பேர் வாங்கிய 530 பட்டாக்களை ரத்து செய்ய உத்தரவு வந்தது. சட்டப்படி கட்ட இடமில்லை, சரிவில் கட்டினால் மழைக்கு நிற்காது, மலைப்பாதையான கேப் ரோட்டில் மண் சரிந்தால் ஒரு மாதத்து வியாபாரமே போச்சு. இவ்வளவையும் தாங்கி நிற்கும் ஓர் அறையைப் பாங்காக்கின் நாற்பது மாடிக் கட்டடத்து அறையோடு நிறுத்துப் பார்ப்பது என்ன நியாயம்? மாநகரத்தை மாநகரத்தோடு ஒப்பிடட்டும். கொச்சியில் ஒரு அறை, பாங்காக்கில் ஒரு அறை. அப்புறம் பேசலாம்.

இன்னொன்று, கட்சிக்காரர் வாயே திறக்காத விஷயம். பாங்காக் அரண்மனைக்குள் போக வெளிநாட்டவருக்கு 500 பாத்; தாய்க்காரருக்கு இலவசம். காவோ யாய் தேசியப் பூங்காவில் அவர்களுக்கு 40 பாத், நமக்கு 400. மூணாறு பக்கத்து இரவிகுளத்தில் வரையாடு பார்க்கப் போனால் இந்தியர் என்பதற்காக வெளிநாட்டவரைவிடக் குறைவாகக் கட்டுகிறோம். அந்தச் சலுகையை அனுபவித்துவிட்டு இறங்கி வந்துதான் உள்ளூரில் கொள்ளை என்று எழுதுகிறார்.

சுற்றுலாவோடு விட்டாரா? 'வாழ்க்கையே அங்கேதான் மலிவு' என்று அடுத்த படியும் ஏறுகிறார். உலக வங்கியின் வாங்கும் திறன் கணக்கைப் பார்த்திருந்தால் இப்படி உளறமாட்டார். 2022 வாக்கில், அமெரிக்காவில் ஒரு டாலருக்குக் கிடைக்கும் பொருளை இந்தியாவில் ஏறத்தாழ 20 ரூபாய்க்கு வாங்க முடிந்தது. சந்தையில் டாலர் 80 ரூபாய்க்குப் பக்கம். நாலு மடங்கு வித்தியாசம். தாய்லாந்தில் அதே வித்தியாசம் மூன்று மடங்கு அளவுதான். அதாவது பொதுவாகப் பார்த்தால் அங்கே விலைவாசி நம்மைவிட மேலே.

எல்லையில் வாழ்கிற எங்களுக்கு விலை ஒப்பிட யாரும் பாடம் எடுக்கவேண்டியதில்லை. கொழிஞ்சாம்பாறைக்காரர் காய்கறிக்கும் பெட்ரோலுக்கும் தமிழ்நாட்டுப் பக்கம் வண்டியை விடுகிறார், லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம். கம்பத்திலும் போடியிலும் விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏலத்தோட்டத்துக்கு மலையேறுகிற பெண்கள் கேரளக் கூலிக்காகப் போகிறார்கள். சாயங்காலம் தமிழ்நாட்டு விலையில் அரிசி வாங்கித் தமிழ்நாட்டு வாடகை வீட்டில் தூங்குகிறார்கள். சம்பாதிப்பது எங்கே, செலவழிப்பது எங்கே என்று இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதுதான் ஒப்பீடு. கோவைச் சம்பளத்தைப் பையில் வைத்துக்கொண்டு பாங்காக் தெருக்கடை விலையைப் படிப்பதற்கு வேறு பெயர் உண்டு.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். மூணாறின் டாக்ஸிக்காரர்கள் சிலர் அடாவடி செய்கிறார்கள். 2025இல் மும்பையிலிருந்து வந்த ஒரு பெண் ஆன்லைன் டாக்ஸி பிடித்ததற்காக மிரட்டப்பட்டதை நாடே வீடியோவில் பார்த்தது. வெட்கக்கேடு, கேள்வி கேட்கவேண்டியதுதான். ஆனால் பாங்காக்கில் மீட்டர் போட மறுத்த டாக்ஸிக்காரர் கட்சிக்காரர் வாயில் 'ஜாலி அனுபவம்' ஆகிவிடுகிறார், கவனித்தீர்களா?

அடுத்து கூலி. ரிசர்வ் வங்கியின் 2022-23 புள்ளிவிவரப்படி கேரளத்தில் கிராமப்புற விவசாயத் தொழிலாளியின் சராசரி நாள்கூலி 764 ரூபாய். நாட்டுச் சராசரி 345. உங்கள் இட்லிக்கும் அறைச் சுத்தத்துக்கும் மலையில் கூடக் கொடுக்கிறீர்கள் என்றால் அதில் ஒரு பகுதி இதுதான். இதில் குறை காண்கிறவர் பாங்காக்கின் குறைந்தபட்சக் கூலி 2024இலேயே 363 பாத் என்பதையும் தெரிந்துகொள்ளட்டும். கூலியைக் குறைத்து அந்த ஊர் மலிவாகவில்லை.

ஆனால் மலிவு மூணாறு ஒன்று ஏற்கெனவே இருந்தது, இருக்கிறது. ரிசார்ட் ஜன்னலுக்கு வெளியே பச்சையாகத் தெரிகிறதே, அதற்குள். 2015இல் அங்கே தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்ணின் நாள்கூலி 232 ரூபாய். போனஸைப் பாதியாக வெட்டியதும் செப்டம்பரில் ஆயிரக்கணக்கான தமிழ்ப் பெண்கள், தொழிற்சங்கத் தலைவர்களையும் ஓரம் போகச் சொல்லிவிட்டு, சாலையில் உட்கார்ந்தார்கள். பெம்பிளை ஒருமை, அதாவது பெண்கள் ஒற்றுமை, என்று ஊர் பெயர் சொன்னது. கேட்டது 500. முடிவில் கிடைத்தது 301, அதற்கும் பறிக்கவேண்டிய கொழுந்து 21 கிலோவிலிருந்து 25 ஆனது. கயத்தாறு பக்கத்திலிருந்து பாட்டன் காலத்தில் ஏறியவர்களின் பேத்திகள். ஓய்வு பெற்றால் லயம் என்ற தோட்டக் குடியிருப்பைக் காலி செய்யவேண்டும், சொந்தமாக ஒரு சென்ட் இல்லை. வரையாடு பார்க்க நாம் ஏறும் ராஜமலைக்கு அப்பால் பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 இரவு மலை சரிந்து லயங்களை மூடியது. காணாமல் போனவர்களைச் சேர்த்து 70 பேர். 'இந்த ஊர் இன்னும் மலிவாக வேண்டும்' என்று கூசாமல் கேட்கிறவர் யாருடைய கணக்கிலிருந்து கழிக்கச் சொல்கிறார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ரிசார்ட் முதலாளியின் கணக்கிலிருந்தா? அவர் எதையும் கழித்துப் பழக்கப்பட்டவர் இல்லை.

ரிசார்ட்டில்தான் தங்கவேண்டும் என்று யார் விதித்தது? பாலக்காட்டிலிருந்து அரசு பஸ்ஸிலேயே நெல்லியாம்பதி ஏறலாம். காந்தளூர் 2023இல் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் சிறந்த சுற்றுலாக் கிராமத்துக்கான தங்க விருதை வாங்கியது. மறையூர் வெல்லமும் வட்டவடைப் பூண்டும் பக்கத்திலேயே. கேரளத்துப் பரம்பிக்குளத்துக்கோ பாதையே தமிழ்நாட்டுச் சேத்துமடை வழியாகத்தான். கட்சிக்காரருக்கு இந்தப் பெயர்களே தெரியாது. தெரிந்த ஒரே ஊரில், தெரிந்த ஒரே வாரத்தில், எல்லோரும் போகிற ஒரே வியூபாயிண்டில் நெரிசலில் நின்றுவிட்டு 'இந்தியாவே காஸ்ட்லி' என்கிறார்.

பாங்காக் போகவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போங்கள், நல்ல ஊர், ஆசைக்குப் போங்கள். மிச்சம் பிடிக்கப் போகிறேன் என்று மட்டும் கதை விடாதீர்கள். 2018இல் பூத்த நீலக்குறிஞ்சி 2030இல் இரவிகுளத்தில் மறுபடி பூக்கும். அந்த வருஷம் அறை வாடகை எகிறும், கட்சியின் நோட்டும் மறுபடி வெளியே வரும். அப்போது, குறிஞ்சி பாங்காக்கில் என்ன விலை என்று வலது பக்கத்தில் எழுதிவிட்டுக் கூட்டச் சொல்லுங்கள்.