தொப்பி வந்தது, குதிரை வரவில்லை

அரவேணுவிலிருந்து எழுதுகிறேன். தேயிலைக்கு நடுவே உட்கார்ந்திருப்பவனுக்கு அமெரிக்கக் குதிரைப் படத்தோடு என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் ஒருமுறை ஊட்டி வரை போய் வரலாம். சீசனில் ஜோடிகளைச் சுமந்த குதிரை, சீசன் முடிந்ததும் தெருவோரக் குப்பையைக் கிளறிக்கொண்டு நிற்கும். சுமந்தபோது எல்லோரும் போட்டோ எடுத்தார்கள். இதை யாரும் எடுப்பதில்லை.

நம் சினிமாவும் எடுக்கவில்லை. கர்ணன் 1972இல் ‘கங்கா’ எடுத்தார், 1975இல் ‘எங்க பாட்டன் சொத்து’ எடுத்தார். ஜெய்சங்கருக்குத் தொப்பி, துப்பாக்கி, குதிரை. சண்டை முடிந்தால் குதிரைக்கு ஜோலி இல்லை. இவற்றைத் ‘தமிழ் வெஸ்டர்ன்’ என்று இன்று ஏக்கத்தோடு கொண்டாடுகிறார்கள். எதைக் கொண்டாடுகிறார்கள்? உடுப்பை.

அந்த உடுப்பை உள்ளேயிருந்தே கழற்றிய படம் ஒன்று உண்டு. ஆர்தர் மில்லர் எழுதி ஜான் ஹூஸ்டன் இயக்கிய ‘த மிஸ்ஃபிட்ஸ்’ (1961). நெவாடா வனாந்தரத்தில் மூன்று ஆண்கள் விமானமும் டிரக்கும் கொண்டு காட்டுக்குதிரைகளை விரட்டிக் கயிறு போடுகிறார்கள். நாய்த்தீனிக்கு விற்பதற்காக. கூட வந்த பெண், மர்லின் மன்றோ, அவர்களைச் சபித்துக் கத்துகிறாள். ஹூஸ்டன் காமிராவை அவள் முகத்துக்குக் கொண்டுபோகவில்லை. வெட்டவெளியில் ஒரு புள்ளியாக நின்று கத்துகிறாள். நம் டைரக்டராக இருந்தால் கண்ணீர்த் துளி திரையை நிறைத்திருக்கும், குதிரை மறந்துபோயிருக்கும்.

ஆனால் நம்மவர்கள் இந்தப் படத்தில் மெச்சுவது முடிவை. கிளார்க் கேபிள் ஆண்குதிரையை ஒண்டியாக மல்லுக்கட்டி அடக்குகிறான். பிறகு தானே அவிழ்த்து விடுகிறான். அவளோடு நட்சத்திரம் பார்த்து வீடு திரும்புகிறான். படத்தின் பொய் இங்கேதான் இருக்கிறது. காதல் நாலைந்து குதிரைகளை அவிழ்த்துவிடும். நாய்த்தீனி வியாபாரத்தை அது தொடாது. அமெரிக்கக் காட்டுக்குதிரைகளுக்குப் பாதுகாப்புத் தந்தது 1971ஆம் வருஷத்துச் சட்டம். அதன் பின்னால் இருந்தது வெல்மா ஜான்ஸ்டன் என்ற ஆபீஸ் காரியதரிசியின் பல வருஷப் போராட்டம். எந்தக் கதாநாயகனின் மனமாற்றமும் அல்ல.

ஹூஸ்டனின் அந்தத் தூரக் காட்சியை நம்மில் ஒருவன் எடுக்கட்டும். அதற்கு நெவாடா வேண்டாம், தொப்பியும் வேண்டாம். குதிரைக்கு ஊட்டி வரை போனால் போதும்.